வற்றிய குளம் நமக்கு, நிறைந்த குளம் யாருக்கு?

சென்ற மே மாதம் பதினொரு நாள் நான் ஒரு நீச்சல்குளத்துக்குள் இருந்தேன். தண்ணீர் இல்லாத நீச்சல்குளம். கிழக்குக் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதி. பெயர் வேண்டாம், அதே கதை எந்த விடுதியிலும் நடக்கும். என் பெரியப்பா மகன் அந்தக் குளத்துக்கு எபாக்சி பூசும் வேலையை எடுத்திருந்தார். எடுத்திருந்தார் என்றால் ஒப்பந்தம் அவருடையது என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தம் ஒருவருடையது, துணை ஒப்பந்தம் இன்னொருவருடையது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவது மட்டும் அண்ணன். எனக்கு ஆய்வு உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை. "சும்மா குரும்பகரத்துல உக்காந்து என்ன பண்ற, வா, எடுபிடியா நில்லு, நாளுக்கு எழுநூறு தர்றேன்" என்றார். போனேன்.

நான் ஆய்வு செய்வது காவிரிக் கடைமடையில் சாதியும் நீர் உரிமையும் பற்றி. மகத் போராட்டம் பற்றி மட்டும் ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொட்டிகளுக்குள்ளும் குளங்களுக்குள்ளும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் செய்யும் வேலைக்கும் என் ஆய்வுத் தலைப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று நாலரை ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையில் நான் யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீச்சல்குளத்துக்குப் பெயின்ட் அடிப்பது என்று சொன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம்.

குளத்தைக் காலி செய்வதே ஆபத்து. கடற்கரை ஓரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். இருபது மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் கான்கிரீட் தொட்டி அது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த எடை தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு மொத்தமாக இறைத்துவிட்டால், அடியில் இருக்கும் நிலத்தடி நீர் தொட்டியையே படகைப்போல மேலே தூக்கிவிடும், தரை பிளக்கும். அதனால்தான் அடியில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு வைப்பார்கள். அண்ணன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போட்டார். பொறியாளர் நான்காம் நாள் வந்தார். வந்தவர் நிழலில் நின்று "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஆசிட். பழைய பூச்சைக் கிரைண்டர் வைத்துச் சுரண்டி எடுத்த பின், கான்கிரீட்டின் மேல்தோல் சொரசொரப்பாக வேண்டும், இல்லாவிட்டால் எபாக்சி பிடிக்காது. அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றித் தேய்ப்பார்கள். கடையில் முரியாட்டிக் ஆசிட் என்று கேன்களில் வருகிறது. ஊற்றியதும் சிமென்ட் நுரைத்துப் பொங்கும், புகை கிளம்பும். குளத்தின் ஆழமான முனை ஆறு அடி. ஆறு அடிக் குழிக்குள் காற்று ஓடாது. புகை மேலே போகாமல் நம் முகத்துக்கு நேரே நிற்கும். எங்களிடம் இருந்தது கைக்குட்டை. இரண்டு பேரிடம் கொரோனா காலத்து முகக்கவசம் இருந்தது, அது ஆசிட் புகையைத் தடுக்காது, தாடியைத்தான் மறைக்கும். பிறகு சோடா உப்புக் கரைசல் ஊற்றி அமிலத்தை முறித்து, கழுவி, விரிசல்களுக்குப் பட்டி வைத்து, காயவிட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் தாளின் அடியில் வியர்வைபோல நீர் கோத்திருந்தால் பூசக் கூடாது. மீறிப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் பூச்சைத் தள்ளித் தள்ளிக் கொப்புளமாக்கும், ஓர் ஆண்டில் பாளம் பாளமாக உரியும். எங்களுக்கு இரண்டு காலைகளில் நீர் கோத்தது. மேலாளர் "கெஸ்ட் புக்கிங் இருக்கு, அடிச்சு முடிங்க" என்று கத்தினார். அண்ணன் மறுத்துவிட்டார். இரண்டு நாள் கூலி போனது. அந்தக் கூலி யார் கணக்கிலிருந்து போனது என்று சொல்லத் தேவையில்லை.

பூசுவது சாயங்காலம். வெயில் ஏறும்போது கான்கிரீட்டின் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும், பூச்சில் குண்டூசி முனைபோல ஓட்டை விழும். வெயில் இறங்கும்போது பூசினால் துளைகள் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் இருட்டிய பிறகு கடல்பக்கம் பனி இறங்கிவிடும், ஈரத்தில் பூசினால் வெள்ளை பூத்துவிடும். ஆக நாலு மணியிலிருந்து ஆறரை மணிக்குள் முடிக்க வேண்டும். ரெசின் ஒரு டின், ஹார்ட்னர் ஒரு டின். இரண்டையும் சொன்ன விகிதத்தில் கலந்தால் வேதிவினை அப்போதே தொடங்கிவிடும். மே மாத வெயிலில் அரை மணி நேரம்கூடக் கிடையாது, வாளியிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். அந்த அவசரத்தில் கையுறை கிழிந்தால் மாற்றிக்கொள்ள யாரும் நிற்பதில்லை.

ஹார்ட்னரில் இருப்பவை அமீன் வகை வேதிப்பொருட்கள். அவையும் ரெசினும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் உடல் அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு துளி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும்தான். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. தின்னரில் இருக்கும் சைலீனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அது எங்கே போய்த் தங்கும்? குளத்தின் ஆழமான முனையில், குனிந்து ரோலர் ஓட்டுகிறவரின் மூக்குக்குப் பக்கத்தில். தரைக்கு அடியில் இருக்கும் பேலன்ஸ் டேங்க்கில் நிலைமை இதைவிட மோசம், அதற்கு வழியே ஒரு மூடிதான். சாக்கடைக்கும் மலக்குழிக்கும் என்று 2013இல் ஒரு சட்டம் வந்தது. அதையும் மீறித்தான் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நீச்சல்குளத்தின் பேலன்ஸ் டேங்க் பக்கம் அந்தச் சட்டம்கூட எட்டிப் பார்க்காது. அது "சுத்தமான" தண்ணீர்த் தொட்டியாயிற்றே.

அண்ணனின் இரண்டு முன்கைகளிலும் தோல் தடித்துக் கருத்துப்போய் இருக்கிறது. நான் அதை வெயில் என்று நினைத்திருந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பூசி முடித்தால் ஏழு நாள் தண்ணீர் விடக் கூடாது. ஏழு நாள் கழித்துக் குளத்தை நிரப்பினார்கள். பாக்கிப் பணம் வாங்க அண்ணன் போனார், நானும் போனேன். பள்ளி விடுமுறை என்பதால் அவருடைய ஒன்பது வயது மகனும் வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டான். அப்பா செய்த வேலையைப் பார்க்க வேண்டுமாம். உண்மையில் பார்க்க வேண்டிய வேலைதான். வெளிர்நீலத் தரை, ஒரு ரோலர் தடம் தெரியவில்லை, படிகளில் கால் வழுக்காமல் இருக்க மணல் தூவிப் பூசிய சொரசொரப்பு, அதற்கு மேல் அசையாத தண்ணீர். கணக்குப் பார்க்க அலுவலக அறைக்குள் போன அண்ணன் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் இருந்த குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, முதல் படியில் உட்கார்ந்து காலை நீருக்குள் விட்டான். யாரும் அடிக்கவில்லை, யாரும் சாதி கேட்கவில்லை. மேற்பார்வையாளர் வந்தார், சிரித்துக்கொண்டே, "தம்பி எழுந்திரு, கெஸ்ட் வர்ற நேரம்" என்றார். பிறகு குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் திரும்பி, "குளோரின் கொஞ்சம் சேத்துப் போட்டுடு" என்றார். அந்த ஆள் சிரித்தார். அறையிலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில் அண்ணன் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "அவன் காலைக் கழுவிட்டுத்தான்டா வச்சான்."

இதைப் பல்கலைக்கழக நண்பர்களிடம் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "இது வர்க்கம் தோழர், சாதி இல்லை. உன் அண்ணன் மகன் இடத்தில் ஓர் ஏழை ஐயர் வீட்டுப் பையன் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்." நல்ல நண்பர்கள்தான். புத்தகம் படித்தவர்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மையும் இருக்கிறது. அந்த விடுதியில் ஓர் இரவுக்கு வாங்கும் பணம் எங்கள் ஊரில் எந்தச் சாதியிலும் பாதிப் பேருக்குக் கட்டுப்படியாகாது. பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது என்று பலகை வைப்பதற்கும் காரணம் உண்டு, பஞ்சுநூல் வடிகட்டியை அடைக்கும். அதையெல்லாம் சாதி என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த ஏழை ஐயர் வீட்டுப் பையனின் அப்பா அந்தக் காலிக் குளத்துக்குள் ஏன் இல்லை? எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் குரும்பகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த காலனிக்காரர்கள், இருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். துணை ஒப்பந்தக்காரர் அண்ணனுக்குப் போன் செய்தால் கேட்பது "உங்க தெருவுல ரெண்டு பசங்க இருந்தா கூட்டிட்டு வா" என்பதுதான். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு விளம்பரம் கிடையாது, தெரு உண்டு. அண்ணனோடு எட்டாவது வரை ஒன்றாகப் படித்த ஊர்த்தெருப் பையன்கள் இதே தொழிலில் இருக்கிறார்கள். ஒருவர் பெயின்ட் டீலர், ஒருவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார், ஒருவர் அளவெடுத்து பில் போடுகிறார். பெயின்டிங்கில் எல்லாச் சாதி ஏழைகளும் உண்டு, மறுக்கவில்லை. வீட்டுச் சுவரில், சாரத்தில் அவர்களைப் பார்க்கலாம். குழிக்குள், தொட்டிக்குள், மூடியைத் திறந்து இறங்கும் இடத்துக்கு வரும்போது ஆட்கள் மெல்ல மெல்ல விலகி, கடைசியில் ஒரே தெருக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இந்த வடிகட்டலுக்கு வர்க்கம் என்று மட்டும் பெயர் வைத்துவிட்டால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

குளோரினுக்கு வருகிறேன். மகத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. நம் சென்னை மாகாணத்திலும் அதே 1924இல், இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், பொதுச்சாலையும் கிணறும் குளமும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது. காகிதத்தில் குளம் திறந்தே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் நீர் அள்ளிக் குடித்தார். அதற்குப் பதில் முதலில் தடிகளோடு வந்தது. பிறகு 108 பானைகளில் பஞ்சகவ்வியம் வந்தது. சாணியையும் மூத்திரத்தையும் பாலையும் தயிரையும் கலந்து குளத்தில் கொட்டி, மந்திரம் ஓதி, தீட்டுக் கழிந்தது என்று அறிவித்தார்கள். ஆடும் மாடும் குடித்த குளம் அது. வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்னொரு குளம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் செயின்ட் அகஸ்டீன் என்ற ஊர். 1964 ஜூன் 18. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த மான்சன் மோட்டார் லாட்ஜின் நீச்சல்குளத்தில் கறுப்பினப் போராட்டக்காரர்களும் அவர்களோடு நின்ற வெள்ளையர்களும் குதித்தார்கள். லாட்ஜை நடத்திய ஜேம்ஸ் பிராக் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து குளத்தில் ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. கேனில் இருந்தது முரியாட்டிக் ஆசிட். நாங்கள் எபாக்சிக்கு முன்னால் தரையைத் தேய்த்தோமே, அதே சரக்கு. குளத்தைச் சுத்தம் செய்யத்தான் அந்த லாட்ஜ் அதை வாங்கி வைத்திருந்தது. நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், வகுப்பில் காட்டிப் பாடம்கூட நடத்தியிருக்கிறேன். அந்தக் கேனை என் கையால் தூக்கிய பிறகுதான் அதன் எடை தெரிந்தது.

பஞ்சகவ்வியம், ஆசிட், குளோரின். மூன்றும் ஒன்றுதான் என்று சொன்னால் மேற்பார்வையாளருக்குக் கோபம் வரும். குளோரின் அறிவியல் அல்லவா? ஆம், அறிவியல்தான். குளத்தில் யார் இறங்கினாலும் குளோரின் போடத்தான் வேண்டும், எத்தனை போட வேண்டும் என்று அளந்து பார்க்கச் சோதனைப் பெட்டி இருக்கிறது. அன்று யாரும் அளக்கவில்லை. ஒரு சிறுவனின் இரண்டு கால்களைப் பார்த்ததும் கூடுதல் குளோரின் என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரன் அந்தக் குளத்தை உண்டாக்கியவரின் மகன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வந்தது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு மூன்றாவது குளம் ஒன்று சொல்கிறேன். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஐந்து பொது நீச்சல்குளங்கள் இருந்தன, நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. இந்தப் பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? குளங்களை நடத்துவதையே நிறுத்திக்கொண்டது. யாருக்கும் கிடையாது, ஆகவே பாகுபாடும் கிடையாது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைச் சரி என்றது. பணமுள்ளவர்கள் வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டிக்கொண்டார்கள், தனியார் மன்றங்களில் சேர்ந்தார்கள். பொதுக்குளம் செத்தது, தனிக்குளம் பிழைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாயி நினைவுக்கு வந்தார். அப்பாயி பிறந்த ஊரில் ஒரு பெரிய குளம். ஊர்க்காரர்களுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் கட்டிய படித்துறை. நம்மவர்களுக்கு மதகுக்குக் கீழே வாய்க்கால். மாடு குளிப்பாட்ட அப்பாயி குளத்துக்குள் இறங்கலாம், மாட்டைக் குளிப்பாட்டி ஏற்றிய பிறகு அதே தண்ணீரில் தான் ஒரு முழுக்குப் போடக் கூடாது. "மாட்டுக் கயித்தப் புடிச்சிக்கிட்டு ஒரு முங்கு முங்கிருவேன், யாருக்குத் தெரியப் போவுது" என்று சொல்லிச் சிரிப்பார். வருடத்தில் ஒருமுறை குளம் வற்றும்போது சேறு அள்ள, தூர் வார முதல் ஆளாகக் கூப்பிடுவது நம்மவர்களைத்தான். வற்றிய குளத்தில் தீட்டில்லை. தண்ணீர் ஏறினால் தீட்டு ஏறும். அந்தக் குளம் இன்று எல்லோருக்கும் பொது. யாரும் யாரையும் தடுப்பதில்லை, ஏனென்றால் யாருமே அதில் குளிப்பதில்லை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. அங்கே குளித்த குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டுக்கொண்டன, வசதி வந்த பிள்ளைகள் விடுமுறைக்கு விடுதிக் குளத்தில் இறங்குகிறார்கள். தூர் வாரிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்த விடுதிக் குளத்துக்கு எபாக்சி பூசுகிறார்கள். ஜாக்சன் நகரத்துக்காரர்கள் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள், நம் ஆட்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

தண்ணீரில் சாதி இல்லை என்று இன்னமும் சொல்கிறவர்கள் வேங்கைவயலுக்குப் போய்ச் சொல்லட்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில், தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் 26இல் வெளியே தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் விசாரித்த சிபிசிஐடி, 2025 ஜனவரியில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தன் குடிநீரில் தானே மலத்தைக் கலந்துகொண்டான் என்று ஒரு மாநிலத்துக்கே சொல்லப்பட்டது. அந்தத் தொட்டிக்குள்ளும் யாரோ ஒருவர் இறங்கித்தான் சுத்தம் செய்திருப்பார். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

இங்கே காரைக்காலுக்கே உரிய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தவர்கள். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, சாதி வழக்கங்களின் அடிப்படையில் அமைந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருவதாக எழுதிக் கொடுத்துப் புதிய குடும்பப்பெயரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படித் துறந்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் நிறையப் பேர். சாதியை ஒரு மனுவில் எழுதித் துறக்க முடியும் என்று நம்பிய முன்னோர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். அவர்கள் வழியில் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனவர்களைத்தான் எங்கள் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். என் ஒன்றுவிட்ட அத்தை குடும்பம் அப்படிப் போய்ப் பாரிஸ் புறநகரில் இருக்கிறது. அங்கும் நிறவெறி இருக்கிறது, அத்தை நிறையச் சொல்வார். ஆனால் அத்தையின் பேத்தி பள்ளிக்கூடத்தில் நீந்தக் கற்றுக்கொண்டாள். பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வகுப்போடு நகராட்சிக் குளத்துக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தருகிறார்கள். ஒரு காலத்தில் அங்கேயும் கோடையில் பிள்ளைகள் ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நீச்சலில் பெயரும் கெட்டது. ஆயிரம் நீச்சல்குளம் என்று திட்டம் போட்டு 1970களில் ஊர் ஊராகக் கட்டினார்கள்.

அதே பாட்டன் வழிவந்த அண்ணன் மகனுக்கு நீந்தத் தெரியாது. அப்பாயிக்குத் தெரியும், அண்ணனுக்கும் வாய்க்காலில் பழகித் தெரியும், அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. நீர்நிலைகள் செத்தன, பள்ளிக்கூடம் கற்றுத்தரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் உலகில் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல். கடைமடையில் வாழ்கிறவர்களுக்கு இது புள்ளிவிவரம் இல்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் காலத்திலும், மழைக்குப் பிறகு மணல் எடுத்த குழிகள் நிரம்பும் காலத்திலும் ஏதாவதொரு தெருவில் ஒப்பாரி கேட்கும். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் நம் பிள்ளைகள் உயிரோடு மிதக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

சரி, யாரிடம் கேட்பது? நெடுங்காடு தனித்தொகுதி. சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். ஆனால் ஊருக்குள் ஒரு குளத்தைத் தூர் வாரவோ, அதில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கவோ முடிவெடுக்க வேண்டியது உள்ளாட்சி. புதுச்சேரி மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அதன்பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அவ்வளவுதான். என் வயதுக்காரர்கள் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஊராட்சித் தலைவருக்கு வாக்களித்ததில்லை. தமிழ்நாட்டில் தலித் ஊராட்சித் தலைவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை, கொடியேற்றவிடவில்லை என்று கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும். எங்கள் ஊரில் அந்தச் சண்டைக்கே வழியில்லை, நாற்காலியே கிடையாது. ஜாக்சன் நகராட்சி குளத்தை மூடியதுபோலத்தான் இதுவும். யாருக்கும் கிடையாது, எனவே யாருக்கும் அநீதி இல்லை!

நம் இயக்கங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. கோயில் நுழைவுக்கு நாம் நின்றோம், இரட்டைக் குவளைக்கு நின்றோம், மலக்குழி மரணங்களைக் கணக்கெடுக்கிறோம். எபாக்சியைக் கணக்கெடுக்கிறோமா? வாட்டர் புரூஃபிங், தொட்டி கழுவுதல், தரைக்கு ரசாயனம் பூசுதல் என்று கடந்த இருபது ஆண்டுகளில் முளைத்த வேலைகளில் நம் தெருப் பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கை போயிருக்கிறது, எத்தனை பேர் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்கள்? அண்ணன் பதியவில்லை. அவரைப் பதியச் சொல்ல எந்தத் தோழரும் வரவில்லை, முனைவர் பட்டத் தம்பியும் சொல்லவில்லை. பறை அடிக்க மறுத்தோம், பிணம் தூக்க மறுத்தோம். அந்த மறுப்பின் வரலாறு நமக்குப் பெருமை. அந்த வேலைகளுக்குச் சாதிப்பெயர் இருந்ததால் மறுப்பது எதை என்று தெரிந்தது. இந்த வேலைக்கு ஆங்கிலப் பெயர் இருக்கிறது, நீலநிறத்தில் பளபளக்கிறது, கூலி வயல்வேலையைவிட அதிகம். அதனால் இதை வளர்ச்சி என்று எழுதிக்கொள்கிறோம்.

நான் இந்த வேலையை விடச் சொல்லவில்லை. அண்ணன் விடமாட்டார், விடவும் கூடாது. அந்த மாவட்டத்தில் அவரளவுக்கு ஈரம் பார்த்துப் பூசத் தெரிந்த ஆள் குறைவு. கேட்பது வேறு. ரசாயன ஆவியை வடிகட்டும் முகக்கவசமும், கிழிந்தால் மாற்றக் கூடுதல் கையுறையும், குழிக்குள் காற்றடிக்கும் ஃபேனும் ஒப்பந்தத் தொகையிலேயே தனி வரியாக எழுதப்பட வேண்டும். அது இல்லாத குளத்துக்குள் இறங்க மாட்டோம் என்று சொல்ல ஒரு சங்கம் வேண்டும், தெருவாரியாக அல்ல, தொழில்வாரியாக, ஒடிசாக்காரர்களையும் சேர்த்து. ஆதிதிராவிடர் பள்ளியோ அரசுப் பள்ளியோ, ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கொம்யூனுக்கு ஒரு பொதுக்குளம் வேண்டும். அந்தக் குளத்துக்கு எபாக்சி பூசுகிறவரின் பிள்ளை முதல் நாள் அதில் இறங்க வேண்டும். இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்கிறவர் தன் பிள்ளையின் நீச்சல் வகுப்புக் கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

டின்களின் மேல் எச்சரிக்கை இருக்கிறது, ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். வேலை முடிந்த வாரம் அண்ணன் ஒரு காலி டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இதுல என்னதான் எழுதியிருக்கான், படி" என்றார். பன்னிரண்டு ஆண்டு கழித்து. நான் படித்துச் சொன்னேன். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு, தின்னரால் துடைக்காதே என்ற வரி வந்தபோது நிறுத்தச் சொன்னார். "தின்னர்லதான்டா தினமும் கையத் தொடைக்கிறோம்" என்றார். ஆறு வரியாகத் தமிழில் எழுதி, அச்சடித்து, லேமினேட் செய்து கொடுத்தேன். இப்போது அது அவருடைய வாளியின் கைப்பிடியில் கட்டித் தொங்குகிறது. என் ஆய்வேட்டில் உருப்படியான பக்கம் அதுதான் என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பையனுக்கு நீச்சல் பழக்குவதற்காக முதுகில் கட்ட அண்ணன் ஹார்ட்னர் வந்த காலிக் கேனைத்தான் எடுத்தார். பிடுங்கி வைத்துவிட்டு, கடையில் புதிதாக ஒரு குடிநீர்க் கேன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் இறங்குகிறோம்.